கல்லுக்குப் பாதுகாப்பு, ஆளுக்குப் பட்டயம்

தமிழ்நாட்டில் மிகப் பத்திரமாக இருக்கிற இசை எது என்று கேட்டால் நான் குடுமியான்மலையைத்தான் சொல்வேன். புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை போகிற சாலையில் இருபது கிலோமீட்டர். மேலக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. எழுத்தின் அமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏழு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு கிராம ராகம். சுரங்கள் நாலு நாலாகக் கொத்தாக நிற்கின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளி. உயிர் மாறுவது சுருதி நுட்பமா, வீணையில் விரல் வைக்கும் முறையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1904இல் கல்வெட்டுத் துறையின் கண்ணில் பட்டு, எபிகிராபியா இண்டிகாவின் பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பாகி, இன்றைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே ஒரு குறை: அதைப் பாட ஆளில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று பாடிக் காட்டுகிறவர்கள் உண்டு. இப்படித்தான் என்று சொல்லக்கூடிய ஒரு தொண்டை கூட மிச்சமில்லை.

இந்தக் கல்வெட்டைப் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவருகிற பேச்சு இரண்டே கேள்விகளைச் சுற்றியது. எந்த ராஜா வெட்டினான்? இது யாருடைய இசை, வடமொழிக்காரர்களுடையதா, தமிழர்களுடையதா? முதல் கேள்விக்கு ரொம்ப நாள் மகேந்திரவர்மன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதி பல்லவர் கையில் இருந்ததற்கு உறுதியான ஆதாரம் எங்கே என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தோடு சூடுபிடித்து, 1940களின் தமிழிசை இயக்கத்தில் கொதித்த விவாதத்தோடு சேர்ந்தது. சமஸ்கிருதத்தில் எழுதப்பட்ட கல்வெட்டின் கடைசியில் ஒரு தமிழ் வரி இருக்கிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்ற அர்த்தத்தில். அந்த ஒற்றை வரியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தாகிவிட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் கல்வெட்டே வேறொன்றையும் சொல்கிறது: உருத்திராசாரியாரிடம் படித்த, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று. அந்த மாணவர்கள் யார்? யாருக்கு இவ்வளவு பெரிய பாடப் பலகை தேவைப்பட்டது? அவர்கள் எதைத் தின்று, யாருடைய நிலத்தின் விளைச்சலில் உட்கார்ந்து, நாள் முழுக்கச் சாதகம் பண்ணினார்கள்? இதை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. ராஜா கிடைத்தால் போதும், வாத்தியாரும் பிள்ளைகளும் எதற்கு?

இசை மரபு 'பாரம்பரியம்' ஆவது பற்றி நாம் பேசும்போது இந்தப் பாறையை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. பாரம்பரியம் என்ற சொல்லாடலுக்கு ரொம்பப் பிடித்த பொருள் இப்படிப்பட்டதுதான். பசிக்காது, கூலி கேட்காது, மாட்டேன் என்று சொல்லாது.

பாறையை விட்டு ஆளிடம் வருவோம். இதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலை. முருகன் கோயில், மயில்களுக்குப் பேர்போன இடம். (மயில்களுக்குச் சரணாலயம் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கோயிலில் சிறுவயதில் பொட்டுக்கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். தேவதாசி மரபில் வந்த கடைசித் தலைமுறைக் கலைஞர், சதிர் ஆடுபவர் என்று எழுதி எழுதி அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டியிருந்தார். கோயிலில் முப்பத்திரண்டு பெண்கள் இருந்ததையும், மலைப்படி ஏறி இறங்கிப் பாடி ஆடிய நாட்களையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் முதலில் கவனிப்பது ஒன்று உண்டு. அவரே பாடிக்கொண்டு ஆடுவார். சதிரில் அது விசேஷமல்ல, அதுதான் வழக்கம். பாட்டும் ஆட்டமும் ஒரே உடம்பில் இருந்தன. 1930களில் சென்னையில் சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி, 1935க்குப் பிறகு ருக்மிணி தேவி வகுத்த மேடை ஒழுங்கு பரவியபோது, பாட்டு ஓரத்தில் உட்கார்ந்த பாடகருக்குப் போயிற்று. ஆடுகிறவள் வாயை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தால் அழகில்லை என்று இன்றைக்கும் சொல்லித்தருகிற ஆசிரியைகள் இருக்கிறார்கள். மீட்டெடுப்பு என்று நாம் கொண்டாடிய காரியம் ஒரு பெண்ணின் குரலை அவளுடைய ஆட்டத்திலிருந்து பிரித்த காரியமும்தான். பிரித்ததால்தான் பாட்டைத் தனியாகக் கச்சேரி என்றும் ஆட்டத்தைத் தனியாகக் கலை என்றும் பாதுகாக்க முடிந்தது. முழுசாக இருந்த ஒன்றை யார் வீட்டு ஷோகேஸிலும் வைக்க முடியாது.

பத்திரிகைகள் அவரை விடாமல் 'கடைசி' என்று எழுதின. இந்தக் 'கடைசி' என்ற சொல் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பாரம்பரியச் சொல்லாடலின் செல்லச் சொல் அது. முப்பத்திரண்டு பேர் இருந்தபோது அரசுக்கும் கோயிலுக்கும் அது ஒரு நிர்வாகப் பிரச்சினை. நிலம், மானியம், சம்பளம், வாரிசு என்று கணக்குப் பார்க்கணும். ஒருத்தர் மட்டும் மிஞ்சினால் ஒரு பதக்கம், ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. செலவு கம்மி, மரியாதை அதிகம். 'நலிந்த கலைஞர்' என்று நம் அரசு அலுவலகங்களில் புழங்குகிற சொல்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நலிந்தால்தான் விண்ணப்பம் போட முடியும்.

பட்டயம் என்கிற சொல்லுக்கு வருகிறேன். இன்றைக்குப் பட்டயம் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற காகிதம். பழைய பொருள் அதுவல்ல. நிலத்தையும் உரிமையையும் எழுதிக் கொடுத்த செப்பேடு, ஓலை. தொண்டைமான் சமஸ்தானத்தில் கோயில் சேவை செய்தவர்களுக்கு, மேளக்காரர் முதல் திருவிளக்கு ஏற்றுகிறவர் வரை, இனாம் நிலம் விடுவதுதான் முறை. அந்தப் பட்டயம் சோறு போட்டது. அதே சமயம் கட்டியும் போட்டது, ஏனென்றால் நிலம் சேவைக்கானது. சேவையை விட்டால் நிலமும் போகும். பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்கு அந்தச் சேவை என்னவாக இருந்தது, அவள் உடம்பின்மேல் யாருக்கெல்லாம் அதிகாரம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு, 'கோயில் கலையைக் காத்த குலமகளிர்' என்று உருகுகிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவில்லை. அந்த முறை ஒழிய வேண்டியதுதான்.

ஒழித்தவர்களில் முதன்மையானவரும் இதே ஊர்க்காரர் என்பது இந்த மாவட்டத்தின் வினோதம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்பிள்ளையை, அதுவும் இன்ன குலத்தில் பிறந்தவளை, மன்னர் கல்லூரியில் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பி, மன்னரின் அனுமதியால் சேர்ந்தவர். 1912இல் மருத்துவப் பட்டம், பிறகு சென்னை சட்ட மேலவையில் உறுப்பினர், துணைத்தலைவர். அவர் கொண்டுவந்து 1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தைப் பற்றி நம் கலை விமர்சகர்கள் பேசுவதே இல்லை. அது பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த சட்டமல்ல, அது அப்புறம். 1929 திருத்தம் செய்தது வேறு. சேவைக்காக விடப்பட்ட இனாம் நிலத்தைச் சேவையிலிருந்து விடுவித்தது. இனி நீ கோயிலில் ஆட வேண்டியதில்லை, நிலம் உன்னிடமே இருக்கும். இதுதான் அதன் சாரம்.

1932 கடைசியில் பத்திரிகைகளில் முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஈ. கிருஷ்ணய்யருக்கும் நடந்த கடித யுத்தத்தை எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் ஒழிக்கச் சொன்னார், மற்றவர் கலையைக் காப்பாற்றச் சொன்னார் என்று. சீர்திருத்தம் எதிர் பாரம்பரியம், சுலபமான எதிர்வு. இந்த எதிர்வில் நிலம் காணாமல் போகிறது. சதிர்க் கச்சேரிக்கு சங்கீத வித்வத் சபை 1931இல் மேடை கொடுத்ததைப் புரட்சி என்று எழுதுகிறோம். மேடை கொடுத்தார்கள் சரி, அப்புறம் சாப்பாட்டுக்கு?

கவனிக்க வேண்டியது இன்னொன்று. சென்னை மாகாணத்தின் சட்டம் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் எல்லையில் நின்றுவிடும். புதுக்கோட்டையில் பிறந்த பெண் எழுதிய 1929 சட்டத்துக்குப் புதுக்கோட்டைக்குள் செல்லுபடி கிடையாது. பொட்டுக்கட்டுவதை முழுசாகத் தடைசெய்த சென்னைச் சட்டம் 1947இல் வந்தது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். அதாவது விராலிமலைப் பெண்களுக்கு இணைப்போடு சேர்ந்து வந்து இறங்கிய செய்தி, கோயிலில் இனி வேலை இல்லை என்பது. வேலை போன பிறகு நிலத்தின் கதை என்ன, யார் பெயரில் மாறியது என்பதெல்லாம் தாலுகா அலுவலகத்து அடங்கல்களில் தேட வேண்டிய வரலாறு. ஆய்வு மாணவர்கள் யாராவது முத்திரைகளின் பெயர்ப் பட்டியல் தயாரிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போனால் தேவலை.

அதே குடும்பத்து ஆண்களுக்கு என்ன ஆயிற்று? தடைச் சட்டம் பெண்களைத்தான் வெளியே அனுப்பியது. நாகசுரம், தவில் வாசித்தவர்கள் கோயிலுக்குள்ளேயே இருந்தார்கள். நட்டுவனார்கள் நகரத்துக்குப் போய் நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'இசை வேளாளர்' என்ற புதுப்பெயர் மரியாதையைக் கொண்டுவந்தது. அந்த மரியாதை ஆண்களுக்குப் போனது, பெண்களின் கடந்தகாலம் மறைக்க வேண்டியதாயிற்று என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. தம்பி சீவாளியை நனைத்துக்கொண்டு சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடந்தான், அக்கா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

ஆண்கள் என்றதும் மாமுண்டியா பிள்ளையைச் சொல்லாமல் புதுக்கோட்டையைப் பற்றிப் பேச முடியாது. மான்பூண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். பஜனையிலும் தெருவிலும் கிடந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் என்பது இசை உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. பலாமரச் சட்டம், உடும்புத்தோல், சலங்கைக்கு ஒரு துளை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவர் கொண்டுவந்த கணக்கு வழக்குதான் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை வழியாக 'புதுக்கோட்டைப் பாணி' ஆயிற்று. பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தில் அதன் உச்சம். இந்த வரிசையில் அங்கீகாரம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பாணிக்கு ஊர்ப் பெயர், ஊருக்குப் பெருமை. ஆனாலும் கஞ்சிரா இன்று வரை உபபக்கவாத்தியம்தான், பக்கத்துக்கும் பக்கம்.

அந்தத் தோலின் கதை ரசமானது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உடும்பைப் பிடிப்பது குற்றம். சட்டம் சரியானதே, உடும்பும் வாழணும். வித்வான்கள் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் போனார்கள். பழைய உடும்புத்தோல் கஞ்சிராவை பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு வாத்தியத்தின் நாதம் யார் யாருடைய கையில் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. உடும்பு பிடித்தவன், தோல் பதம் பண்ணியவன், பலாக்கட்டை கடைந்தவன். வித்வானுக்குப் பாணி உண்டு, நினைவு நாள் உண்டு. இவர்களில் ஒருவரின் பெயரும் எந்தச் சங்கீத சரித்திரத்திலும் கிடையாது. தோல் இசைக்குள் வரலாம், தோலைத் தொட்ட கை வரக்கூடாது என்கிற இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த பழைய சாதிக் கணக்குதான்.

தோல் என்றால் பறைக்கு வந்தாக வேண்டும். இங்கேதான் 'பாதுகாப்பு' என்ற சொல் தலைகீழாகிறது. சாவுக்கும் கோயில் கொடைக்கும் பறையடிப்பது ஊர் சுமத்திய வேலை. மறுத்தால் அடி, ஊர்விலக்கு. தண்டோரா போடு, எழவு சொல்லு, அடி என்றால் அடிக்கணும். 90களின் தலித் விவாதங்களில் பறை சேர்ந்தபடியே இரண்டு குரல்களை எழுப்பியது. பறையைக் கீழே போடு, கொளுத்து என்றது ஒன்று. அது நம் வாத்தியம், அவன் சுமத்திய இழிவை மட்டும் கழற்றி எறி என்றது இன்னொன்று. மதுரையின் தலித் கலைவிழாக்களும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களும் இரண்டாவது குரலை மேடையில் நிகழ்த்திக் காட்டினார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்ததை அந்த முப்பது வருஷத்துச் சண்டையின் கணக்கில்தான் நான் வரவு வைப்பேன், அகாடமிகளின் கருணைக் கணக்கில் அல்ல.

இந்த இரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எழுதுவது வழக்கம். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிந்த இடத்தில்தான் அடிப்பது கலையாக முடியும். முதல் குரல் இல்லாமல் இரண்டாவது குரல் சும்மா ஊர்வலமாகிவிடும். 1929இல் முத்துலட்சுமி ரெட்டி செய்ததும் இதே வேலை: முதலில் கட்டாயத்தை அறு, உரிமையை ஆளிடம் விடு, அதற்கப்புறம் ஆடுவதா வேண்டாமா என்பது அவள் பாடு. சதிரில் அந்த வரிசை பாதியில் முறிந்தது. கட்டாயம் அறுந்தது, ஆனால் 'அவள் பாடு' என்ற இடமே வராமல் போயிற்று. ஆட விரும்பிய விராலிமலைப் பெண்ணுக்கு ஆடுகிற இடமும் இல்லை, ஆடாமல் சாப்பிடுகிற வழியும் இல்லை.

யுனெஸ்கோ 2003இல் கொண்டுவந்த, இந்தியா 2005இல் ஏற்றுக்கொண்ட புலனாகாப் பண்பாட்டு மரபு உடன்படிக்கையில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. எது மரபு என்பதை அதைக் கடைப்பிடிக்கும் சமூகமே அடையாளம் காண வேண்டும், அது மனித உரிமைகளுக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற பொருளில். தாளில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் இந்தியாவிலிருந்து பரிந்துரை அனுப்பும் பொறுப்பு சங்கீத நாடக அகாடமியிடம். 2017இல் சென்னை யுனெஸ்கோவின் இசை நகரங்களில் ஒன்றானது. நகரத்துக்குக் கிடைத்த அந்தப் பட்டயத்தில் மார்கழி சபாக்களின் நிழல் எவ்வளவு, புளியந்தோப்பு கானாவின் நிழல் எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சமூகமே அடையாளம் காண வேண்டும் என்கிறார்கள், சரி. எந்தச் சமூகம்? ஊரா, சேரியா? 2022 டிசம்பரில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகளுக்கு முன்னால் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வந்து நின்றன. மூன்று வாரம் கழித்து, 2023 பொங்கலுக்கு, பத்தாண்டுக்கும் மேல் நின்றுபோயிருந்த சென்னை சங்கமம் திரும்ப நடந்தது. பூங்காக்களில் பறை முழங்கியது, ஜனங்கள் ரசித்தார்கள். நல்லதுதான். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பறை சென்னையில் பாரம்பரியமாகவும் ஊரில் கடமையாகவும் ஒரே வாரத்தில் ஒலிக்க முடிகிறது என்றால், அந்தப் பாரம்பரியத்தின் சமூகம் எது என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

மரபு என்று யாரும் பேர் வைக்காத ஒரு பாட்டு வகையும் இந்த மாவட்டத்தில் உண்டு. 1991–92இல் நடந்த அறிவொளி இயக்கம். ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துப் படித்த பெண்கள், கல் குவாரியில் உடைக்கிற பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பாட்டு இருந்தது. கும்மி மெட்டு, தெம்மாங்கு மெட்டு, சில சமயம் சினிமா மெட்டு. சைக்கிள் பற்றிய பாட்டை எழுதியவர் அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன். ராஜா இல்லை, குரு பரம்பரை இல்லை, கோயில் இல்லை. கட்டாயமும் இல்லை. பிடித்ததால் பாடினார்கள், வேலை முடிந்ததும் விட்டார்கள். நாட்டாரியல் துறைகளுக்கும் இது ஆகாது. 'தூய' நாட்டுப்பாட்டு அல்ல, இயக்கப்பாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தச் சைக்கிள் கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார், 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் சேர்ந்தது. பிறகு அது இந்தியில் மொழிபெயர்ப்பாகி மத்திய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல வருஷம் இருந்தது. வடக்கே இருக்கிற பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றிக் கேள்வி பதில் எழுதினார்கள். பாட்டு ஒன்று இருந்தது, எழுதியவர் பெயர் இன்னது என்பதும் பாடத்தில் உண்டு. மெட்டு கிடையாது. அது இன்னும் கீரனூர், அன்னவாசல் பக்கம் ஐம்பது அறுபது வயசு ஆகிவிட்ட பெண்களிடம்தான் இருக்கும். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது கிளம்பினால் முதலில் அவர்களிடம் பாடச் சொல்ல வேண்டாம். அதைப் பதிவு செய்யலாமா, யார் பேரில், கேட்கிறவனிடம் காசு வாங்கலாமா, வாங்கினால் யாருக்கு என்று கேட்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கருவியை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வரட்டும்.